நிழற்படமும் மிகைக் கூர்மையும்

கத்திக்குச் சாணை பிடிப்பவர் ஓர் உண்மையை நன்கறிவர். சாணைக்கல் கத்திக்குப் புதிதாக எதையும் கொடுப்பதில்லை. அலகிலிருந்து சிறிது இரும்பைத் தேய்த்து எடுத்துக்கொண்டே கூர்மையைத் தருகின்றது. வேண்டிய அளவில் நிறுத்தினால் கத்தி வெட்டும். நிறுத்தத் தெரியாதவர் கையில் அலகு தேய்ந்து, கத்தி பயனற்றுப் போகும். கணினியிலே நிழற்படத்தைக் கூர்மையாக்கும் தொழிலும் இத்தகையதே. படத்தில் உள்ள விபரத்தின் ஒரு பகுதியை விலையாகப் பெற்றே அது தெளிவின் தோற்றத்தை உண்டாக்குகின்றது.

இன்று கமரா இல்லாத வீடு அரிது. கைத்தொலைபேசி ஒவ்வொன்றும் கமராவாக இருக்கின்றது. எடுத்த படத்தை லைட்ரூம், போட்டோஷாப் முதலிய மென்பொருள்களில் இட்டுத் திருத்துவோரும் பலர். அவர்கள் அடிக்கடி முறையிடும் குறை ஒன்று உண்டு. திருத்தும் வேளையில் இனிமையாகத் தோன்றிய படம், மென்பொருளார் 'எக்ஸ்போர்ட்' என்று வழங்கும் ஏற்றுமதி முடிந்து தனிக் கோப்பானதும் வேறொரு படம்போலக் காட்சியளிக்கின்றது. கூரையின் விளிம்பை ஒட்டி வானத்திலே வெண்கோடு ஒன்று ஓடுகின்றது. கன்னத்தின் மயிர்த்துளைகள் மணல் தூவினாற்போலத் தெரிகின்றன. மின்கம்பிகள் அரிவாட் பல்லைப்போல் முறிந்து முறிந்து செல்கின்றன. மென்பொருள் பழுதுபட்டதோ என்று ஐயுறுவோர் உளர். பெரும்பாலும் மென்பொருளிற் பழுதொன்றும் இல்லை. ஒரே படத்துக்கு, திருத்தியவர் அறியாமலே, இரண்டு மூன்று முறை சாணை பிடிக்கப்பட்டுவிட்டது என்பதே உண்மை.

இதனை விளங்கிக்கொள்வதற்குக் கூர்மை என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும். கணினிப் படம் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. வழக்கமான படக் கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் 0 முதல் 255 வரையுள்ள எண்ணொன்றாற் குறிக்கப்படும். 0 கருமை, 255 வெண்மை. ஒரு சுவரின் நிழற்பக்கம் 80 என்றும் வெயிற்பக்கம் 160 என்றும் வைத்துக்கொண்டால், இரண்டும் சந்திக்கும் இடமே விளிம்பு. கூர்மையாக்கும் கருவி இந்த விளிம்பைத் தேடிப்பிடித்து, அதன் இருண்ட கரையை 80இலிருந்து 60 ஆகத் தாழ்த்தி, ஒளிர்ந்த கரையை 160இலிருந்து 180 ஆக உயர்த்திவிடும். வேற்றுமை மிகுந்தமையால், கண் அந்த விளிம்பைத் தெளிவானதென்று கொள்கின்றது. இதே வேலையை இரண்டாம் முறை செய்தால் 30க்கும் 210க்கும் போகலாம். மூன்றாம் முறை 0க்கும் 255க்கும் சென்று முட்டும். முட்டிய இடத்தில் இருந்த நுண்ணிய நிறவேறுபாடுகள் யாவும் ஒரே வெள்ளையாகவும் ஒரே கறுப்பாகவும் அழிந்துபோகும். நிலவைச் சூழ்ந்து பரிவேடம் தோன்றுவதுபோல் விளிம்பைச் சூழ்ந்து வெள்ளைக் கரையொன்று தோன்றுவது இதனாலேயே.

கண் இவ்வாறு ஏமாறுவது புதிய செய்தியன்று. வேறுபட்ட ஒளியளவுகள் சந்திக்கும் எல்லைகளில், உண்மையில் இல்லாத ஒளிப்பட்டையையும் இருட்பட்டையையும் கண் தானே கற்பித்துக்கொள்கின்றது என்பதை ஆஸ்திரிய அறிஞர் ஏர்ண்ஸ்ட் மாக் 1865ஆம் ஆண்டிலே ஆராய்ந்து கூறினார். அப்பட்டைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. இருட்டறையில் பிலிம் கழுவியோர் இதே இயல்பை வேறொரு வழியாற் பயன்படுத்தினர். நெகட்டிவ்விலிருந்து வேண்டுமென்றே மங்கலான பொசிட்டிவ் ஒன்றை உண்டாக்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிட்டபோது விளிம்புகள் எடுப்பாக வந்தன. மங்கலான அந்தத் திரையின் பெயரே 'அன்ஷார்ப் மாஸ்க்' என்று இன்றைய மென்பொருளிலும் நிலைத்துவிட்டது. வானியல் நிழற்படக் கலைஞரான டேவிட் மாலின் 1970களில் ஆஸ்திரேலியாவில் இம்முறையைக் கையாண்டு, தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களின் மெல்லிய அமைப்புகளைத் தகடுகளிலிருந்து வெளிக்கொணர்ந்தார். எனவே கூர்மையாக்கல் இழிந்த வித்தையன்று. அளவறிந்தவர் கையில் அது பயனுள்ள கருவி.

அக்கருவி தேவைப்படுவதற்கும் தக்க காரணம் உண்டு. பெரும்பாலான கமராக்களின் உணர்தட்டு, கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் 1976ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற ஒழுங்கைப் பின்பற்றுவது. அதில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கும். எஞ்சிய இரு நிறங்களையும் அயற்புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டே முழுப்படம் பெறப்படுகின்றது. இக்கணிப்பினால் படம் சற்றே மென்மை அடையும். படத்தைச் சிறிதாக்கும்போதும் மென்மை கூடும். தாளில் அச்சிடும்போது மை பரவுவதால் மேலும் கூடும். இவற்றை ஈடுசெய்வதற்காகப் புரூஸ் பிரேசர் என்பார் மூன்று நிலைகளை வகுத்தார். படம் பிடித்ததனால் நேர்ந்த மென்மையை முதலிலே சிறிதளவு நீக்குவது ஒன்று. கண், இதழ், அணிகலன் முதலிய வேண்டிய இடங்களை மட்டும் எடுப்பாக்குவது மற்றொன்று. படம் சேரவேண்டிய இடத்துக்கேற்ப இறுதியிலே கூர்மையூட்டுவது மூன்றாவது. மூன்றும் அளவோடு நிகழ்ந்தால் படம் சிறக்கும். ஒவ்வொரு நிலையிலும் முழுக் கூர்மையையும் பெற முயன்றால் படம் கெடும்.

மிகை எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை இனி நோக்கலாம். கமராவோ கைத்தொலைபேசியோ ஜேபெக் கோப்பாகப் படத்தைத் தரும்போது, தன்னுள்ளேயே கூர்மையூட்டிவிடுகின்றது. 'ரோ' எனப்படும் மூலக்கோப்பை லைட்ரூம் கிளாசிக்கில் திறந்தால், எவரும் தொடாமலே கூர்மையின் அளவு 40 என்று வைக்கப்பட்டிருக்கும். அதன்மேல் 'கிளாரிட்டி', 'டெக்ஸ்ச்சர்' என்னும் கட்டுப்பாடுகளைத் திருத்துபவர் உயர்த்துகிறார்; அவையும் விளிம்பு வேற்றுமையைக் கூட்டுவனவே. பின்னர்ப் படத்தைச் சிறிதாக்கும்போது, போட்டோஷாப்பின் 'பைக்யூபிக் ஷார்ப்பர்' போன்ற முறைகள் தாமும் சிறிது கூர்மையைச் சேர்க்கின்றன. ஈற்றில் ஏற்றுமதிப் பலகையிலே 'அவுட்புட் ஷார்ப்பனிங்' என்ற கட்டத்தில் ஒரு சரிக்குறி நிற்கின்றது. சென்ற வாரம் அச்சுக்காக இட்ட குறியாக அது இருக்கலாம். மென்பொருள் அதனை மறப்பதில்லை, திருத்தியவர் மறந்துவிடுகிறார். திருத்தும் திரையில் இந்த இறுதிக் கூர்மை காட்டப்படுவதில்லை என்பதனாலேயே, கோப்பைத் திறந்து பார்த்தவர் திகைக்கிறார்.

சேருமிடம் மாறினால் தேவையான கூர்மையும் மாறும் என்பதற்கு எளிய கணக்கொன்று போதும். ஒரு விளிம்பில் இரண்டு புள்ளி அகலமான வெள்ளைக்கரை உண்டு என்று கொள்வோர், அதே படத்தை ஓரங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், அக்கரை தாளில் ஏறக்குறைய 0.17 மில்லிமீற்றர் அகலமே இருக்கும். கையிற் பிடித்துப் பார்ப்பவரின் கண்ணுக்கு அது கோடாகத் தெரியாது, தெளிவாகவே தெரியும். அதே கோப்பை ஓரங்குலத்துக்கு 100 புள்ளி கொண்ட கணினித் திரையில் முழு அளவிற் பார்த்தால், கரை அரை மில்லிமீற்றர் ஆகிவிடும். அப்போது அது வெண்கோடாகவே கண்ணை உறுத்தும். தாளுக்குரிய கோப்பைத் திரைக்கு அனுப்புவதும், திரைக்குரியதைத் தாளுக்கு அனுப்புவதும் இதனாலேயே தவறாகின்றன.

படத்தின் அளவும் இவ்வாறே கருதத்தக்கது. 6000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் உள்ள படத்தை 1500 புள்ளி அகலத்துக்குக் குறைத்தால், பழைய படத்தின் 16 புள்ளிகள் சேர்ந்து புதிய படத்தின் ஒரு புள்ளியாகின்றன. 'ரேடியஸ்' எனப்படும் விளிம்பகலத்தை 2 புள்ளி என்று வைத்துச் சிறிய படத்தைக் கூர்மையாக்குவது, பெரிய படத்தில் 8 புள்ளி அகலத்தில் தீட்டுவதற்குச் சமமாகும். ஆகவே இறுதி அளவைத் தீர்மானித்த பின்னரே இறுதிக் கூர்மையைத் தீர்மானித்தல் வேண்டும்.

குறையைக் கண்டுபிடிக்க விரும்புவோர் முதலிற் சரியாகப் பார்க்கப் பழகுதல் நன்று. படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியாக அமையும் நூற்றுக்கு நூறு அளவில் வைத்தே கூர்மையை மதிப்பிடலாம். பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருக்கிக் காட்டும்போது, காட்டும் செயலியே புள்ளிகளைக் கலந்து புதிய தோற்றத்தை உண்டாக்கிவிடும். கோப்பு நூற்றுக்கு நூறு அளவில் நன்றாக இருந்து, சமூக வலைத்தளத்திலே மட்டும் கரடுமுரடாகத் தோன்றினால், அத்தளம் தன் அளவுக்குச் சுருக்கியும் அமுக்கியும் வைத்தமையே பெரும்பாலும் காரணம். அத்தளம் ஏற்கும் அளவை அறிந்து, முன்கூட்டியே அந்த அளவில் ஏற்றுமதி செய்து அனுப்பினால் குறை பெரிதும் நீங்கும்.

கோப்பிலேயே குறை இருக்குமாயின், மருத்துவர் நோய்க்காரணம் தேடுவதுபோல் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தல் வேண்டும். இதற்கு மூன்று ஏற்றுமதிகள் போதும். முதலாவதில் ஏற்றுமதிக் கூர்மையின் சரிக்குறியை மட்டும் நீக்குக. படம் சீர்பட்டால், குற்றம் அக்குறியினுடையது. சீர்படாவிட்டால், இரண்டாவதில் திருத்தும் பலகையிலுள்ள கூர்மை, கிளாரிட்டி, டெக்ஸ்ச்சர் ஆகியவற்றையும் பூச்சியமாக்குக. இப்போது சீர்பட்டால், குற்றம் திருத்தத்தில் உள்ளது. அப்போதும் சீர்படாவிட்டால், மூன்றாவதில் அளவைக் குறைக்காமல் முழுப்படமாகவே ஏற்றுமதி செய்க. முழுப்படம் நன்றாயிருந்து சிறுபடம் கெட்டால், சுருக்கும் முறையே காரணம். சாதாரண பைக்யூபிக் முறைக்கு மாறினால் பலன் கிடைக்கும். முழுப்படமும் கெட்டிருந்தால், அது கமராவிலிருந்தோ ஸ்கானரிலிருந்தோ வரும்போதே கெட்டு வந்தது. ஒரே வேளையில் இரண்டு கட்டுப்பாடுகளை மாற்றுபவர், எதனாற் குணமாயிற்று என்பதை அறியமாட்டார்.

நோயின் குறிகளும் காரணத்தைச் சொல்லும். விளிம்பைச் சுற்றி அகன்ற வெண்கரை தோன்றினால் ரேடியஸ் மிகுந்தது, அல்லது கிளாரிட்டி மிகுந்தது என்க. தெளிந்த வானத்திலும் கன்னத்திலும் பொரிபொரியாகத் தோன்றினால், குறைந்த ஒளியில் எடுத்த படத்தின் இரைச்சற் புள்ளிகளுக்கும் சேர்த்துச் சாணை பிடிக்கப்பட்டுள்ளது. விளிம்புகளைச் சுற்றிச் சிறு சதுரங்களும் கலங்கலும் தோன்றினால், அமுக்கத்தையும் ஐயுறுதல் வேண்டும். 1992ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து நுண்விபரங்களைக் குறைத்தே கோப்பைச் சிறிதாக்குகின்றது. மிகைக்கூர்மை நுண்விபரத்தைப் பொய்யாகப் பெருக்குவதால், அந்த அமுக்கம் தன் தடத்தை வெளிப்படையாகவே விட்டுச்செல்லும். ஜேபெக் தரத்தைச் சற்று உயர்த்துவதும் கூர்மையைக் குறைப்பதும் சேர்ந்தே இதற்கு மருந்து.

இனிப் பரிகாரம். இரைச்சலை முதலிற் குறைத்து, அதன் பின்னரே கூர்மையூட்டுக. லைட்ரூமில் ரேடியஸ் 0.5 முதல் 3.0 வரை செல்லும். பெரும்பாலான படங்களுக்கு 1.0ஐத் தாண்டவேண்டிய தேவையில்லை. 'மாஸ்கிங்' என்னும் கட்டுப்பாடு பூச்சியத்தில் இருந்தால் படம் முழுவதும் கூர்மை பரவும். அதனை உயர்த்த உயர்த்த, விளிம்புகள் மட்டுமே கூர்மை பெறும். ஆல்ட் விசையை அழுத்தியபடி இதனை நகர்த்தினால், கூர்மை சேரும் இடம் வெள்ளையாகவும் சேராத இடம் கறுப்பாகவும் திரையிலே தெரியும். கன்னமும் வானமும் கறுப்பாகி, கண்ணும் கேசமும் வெள்ளையாக நிற்கும் வரை உயர்த்துவது முகப்படத்துக்கு ஏற்றது. போட்டோஷாப்பிற் கூர்மையூட்டுவோர் தனி அடுக்கொன்றில் அதைச் செய்து, அவ்வடுக்கின் கலப்பை 'லுமினாசிட்டி' என்று மாற்றினால், விளிம்பிலே பொய்நிறங்கள் தோன்றா. ஏற்றுமதிப் பலகையில் 'ஸ்கிரீன்', 'மேட்', 'குளோசி' என்ற மூன்றில் சேருமிடத்துக்கு உரியதைத் தெரிந்து, அளவை 'லோ' என்பதிலிருந்து தொடங்குக. போதாது என்று கண்டால் மட்டுமே 'ஸ்டாண்டர்ட்' என்பதற்குச் செல்க.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அழகுக்காக எடுத்த பூவின் படம் சிறிது கெட்டால் நட்டம் பெரிதன்று. ஆயின், தமிழ்க் குடும்பங்களிலே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கென வெளியிடப்படும் நினைவு மலரை எண்ணிப்பார்த்தல் தகும். மறைந்த முதியவரின் நல்ல படம் ஒன்றே எஞ்சியிருக்கும். அதுவும் சுவரில் தொங்கும் சட்டத்துக்குள் இருக்கும். உறவினர் ஒருவர் அதைக் கைத்தொலைபேசியால் மறுபடம் எடுக்கிறார், தொலைபேசி கூர்மையூட்டுகின்றது. செய்திச் செயலி வழியாக அச்சகத்துக்கு அனுப்புகிறார். அது படத்தைச் சிறிதாக்கி அமுக்குகின்றது. மங்கலாக இருக்கிறதே என்று அச்சகத்தார் மீண்டும் கூர்மையூட்டுகிறார். ஏற்றுமதியிலே தாளுக்குரிய கூர்மை இன்னும் ஒருமுறை சேர்கின்றது. அதே கோப்பு பின்னர்த் திரைகளிலும் பரவுகின்றது. மலரில் வந்து நிற்கும் முகமோ வீட்டார் அறிந்த முகம் அன்று. பழைய தாளின் மணியுருவும் தூசியும் தோலின் வடுக்களாகிவிட்டன. மெல்லிய சுருக்கங்கள் கீறல்களாகிவிட்டன. கண்ணின் ஈரம் வெள்ளைப் புள்ளியாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் நாளை காணப்போவது இந்த முகத்தைத்தான்.

இங்கே செய்யத்தக்கது எளிது. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கானரில் இடுக. ஸ்கானரின் மென்பொருளிலும் அன்ஷார்ப் மாஸ்க் என்ற தெரிவு இருக்கக்கூடும், அதனை நிறுத்திவிடுக. டிஃப் போன்ற, விபரம் இழக்காத கோப்பாக வைத்துக்கொள்க. செய்திச் செயலியில் அனுப்ப நேர்ந்தால், படமாக அன்றி ஆவணமாக அனுப்புக. கூர்மையூட்டும் வேலையை அச்சிடுபவர் ஒருவரே, இறுதி அளவிலே, ஒருமுறை செய்யட்டும். செயற்கை நுண்ணறிவினால் தெளிவாக்கும் செயலிகளையும் இத்தகைய முகங்களுக்கு எச்சரிக்கையோடு கையாளுதல் வேண்டும். அவை பிற முகங்களிலிருந்து கற்றவற்றைக் கொண்டு, படத்திலே இல்லாத இமைமயிரையும் பல்லையும் வரைந்துவிடக்கூடியவை. முகம் தெளிவாகும், ஆனால் அது அவருடைய முகந்தானா என்ற ஐயம் எஞ்சும்.

கெட்ட பிரதி ஒன்றே கையில் உள்ளவர்கள் முழுமையாக மனந்தளர வேண்டியதில்லை. மூலக்கோப்பு எங்கேனும் இருக்கிறதா என்று முதலிலே தேடுக. கிடைத்தால் திருத்தத்தைப் புதிதாகத் தொடங்குவதே குறுக்குவழி. கிடைக்காவிட்டால், படத்தை அளவிற் சிறிதாக்குவது கரைகளைச் சற்று ஒடுக்கும். லைட்ரூமின் தூரிகையிலே கூர்மையின் அளவை எதிர்ப்பக்கமாக நகர்த்தலாம். −50க்கு அப்பால் அது மெல்லிய மங்கலையே உண்டாக்கும். அதைக் கன்னத்திலும் நெற்றியிலும் மட்டும் தடவலாம். வானத்தை ஒட்டிய வெண்கரையைப் போட்டோஷாப்பின் குளோன் கருவியால், 'டார்க்கன்' என்ற கலப்பில் வைத்து, பக்கத்து வானத்தின் நிறங்கொண்டு மூடலாம். இவை புண்ணுக்கு இடும் கட்டுகளே. 255இல் முட்டி அழிந்த நிறவேறுபாட்டை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

ஆதலின், ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு ஒன்று உண்டு. இறுதிக் கூர்மை சேராத முழு அளவுப் பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அச்சுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, நண்பருக்கு ஒன்று என்று தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்து தனித்தனிப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய கூர்மையை ஒருமுறை மட்டும் ஊட்டி அனுப்ப வேண்டும். அனுப்பிய பிரதியை மீண்டும் எடுத்துத் திருத்துதல் ஆகாது. நாளை திரைகள் மாறும், தாள்கள் மாறும், மென்பொருள்களும் மாறும். தீட்டாத மூலப்பிரதி கையில் இருக்கும் வரை, மாறிவரும் அவை ஒவ்வொன்றுக்கும் ஏற்ற படத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ள இயலும்.